கால்நடைக் கேள்வி – பதில்: பன்றிக்குட்டிக்கு இரும்பு, தாய்ப்பன்றிக்கு விற்றமின் ஈ

கடந்த பல இதழ்களில் கறவை மாடுகளைப் பற்றியே எழுதிவந்ததால், பன்றி வளர்ப்பவர்கள் குறைப்பட்டுக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. இலங்கையின் பன்றிப் பண்ணைகளிற் பெரும்பாலானவை புத்தளம், கம்பஹா, கொழும்பு என மேற்குக் கரையை ஒட்டியே செறிந்திருக்கின்றன. மலையகத்திலோ லயத்துக்குப் பின்னாலும் மரக்கறித் தோட்டத்தின் ஓரத்திலும் ஓரிரு தாய்ப்பன்றிகளை வைத்துக்கொண்டு, குட்டி விற்ற காசில் பிள்ளைகளின் பாடசாலைச் செலவைப் பார்ப்பவர்களே அதிகம். ஒரு ஈற்றில் நான்கு குட்டிகள் செத்தால் அந்தக் குடும்பத்துக்கு அது சிறிய நட்டம் அல்ல. இம்முறை வந்த கடிதங்களில் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றைத் தெரிந்து, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தாய்ப்பன்றி சீமெந்துத் தரையிட்ட கொட்டிலில் பத்துக் குட்டிகளை ஈன்றது. இரண்டு கிழமை வரை எல்லாம் நன்றாக இருந்தன. மூன்றாம் கிழமையில், பார்க்கக் கொழுகொழுவென்று இருந்த குட்டியே முதலில் வெளிறி, விலா துடிக்க மூச்சு வாங்கி, பால் குடிக்க எழுந்தபோது விழுந்து செத்தது. அடுத்த நாள் இன்னொன்றும் அப்படியே போயிற்று. குளிர் பிடித்துவிட்டது என்கிறார் மாமனார். பூச்சி மருந்து கொடுக்கவில்லை என்கிறார்கள் பக்கத்து லயத்தார். எது உண்மை, ஐயா? (வாசகி, பொகவந்தலாவை)

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று செய்திகள் ஒன்றுசேர்ந்து இரும்புக் குறைவினால் வரும் இரத்தச்சோகையையே காட்டுகின்றன: தரை சீமெந்து, வயது மூன்றாம் கிழமை, முதலில் விழுந்தது கொழுத்த குட்டி. பன்றியின் பெரிய குடற்புழு முட்டையிலிருந்து வெளிவந்து முழு வளர்ச்சி அடையவே ஆறு கிழமைக்கு மேல் செல்லும் என்பதால், பால்குடிக் குட்டியின் வெளிறலுக்கு அதைக் காரணம் காட்டுவது பொருந்தாது. மாமனார் சொல்வதில் பாதி உண்மை உண்டு; இரத்தம் குறைந்த குட்டி மற்றவற்றை விட எளிதாகக் குளிரில் விறைத்துப்போகும், ஆனால் இங்கே குளிர் பின்னால் வந்து சேர்ந்ததே தவிர முதற்காரணம் அல்ல.

கணக்கைப் பார்த்தால் விடயம் விளங்கும். பன்றிக்குட்டி பிறக்கும்போது அதன் உடலில் இருப்பது ஏறத்தாழ 50 மில்லிகிராம் இரும்பு மட்டுமே. அதன் அன்றாடத் தேவையோ 7 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. தாய்ப்பாலிலிருந்து அதற்குக் கிடைப்பது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம். மிகுதி 6 மில்லிகிராமும் பிறவிக் கையிருப்பிலிருந்தே போகவேண்டும் என்றால், எட்டு ஒன்பது நாளில் கையிருப்பு தீர்ந்துவிடும். மாட்டுக் கன்றோ ஆட்டுக்குட்டியோ பன்றிக்குட்டியின் வேகத்தில் வளர்வதில்லை. பிறந்தபோது ஒன்றரைக் கிலோ இருந்த குட்டி மூன்று கிழமையில் ஐந்து, ஆறு கிலோவாகிறது. ஒவ்வொரு கிலோ வளர்ச்சிக்கும் ஏறத்தாழ 21 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று கணித்திருக்கிறார்கள். அதனால்தான் நல்ல முலையைப் பிடித்து வயிறு முட்டக் குடித்து வேகமாக வளர்ந்த குட்டி முதலில் விழுகிறது. ஒதுங்கி நின்ற நோஞ்சான் தப்பிப் பிழைக்கிறது. கொழுகொழுப்பு என்று நீங்கள் கண்டதிலும் ஒரு பங்கு கொழுப்பாக இல்லாமல், சோகையினால் கழுத்திலும் தோளிலும் கட்டிய நீர்வீக்கமாக இருந்திருக்கலாம்.

காட்டிலும் வயலிலும் திரிந்த பன்றிக்கு இந்த நோய் இல்லை, ஏனென்றால் குட்டி பிறந்த சில நாட்களிலேயே மண்ணைக் கிளறித் தின்று தேவையான இரும்பை எடுத்துக்கொள்ளும். கொட்டிலுக்குள் அடைத்து, சுத்தத்துக்காகச் சீமெந்து போட்ட பிறகே இது ஒரு நோயாக வெளிப்பட்டது. 1923 ஆம் ஆண்டிலேயே மக்கோவன், கிரிக்டன் என்ற இரு ஸ்கொட்லாந்து ஆய்வாளர்கள் அடைத்து வளர்த்த பன்றிகளின் சோகைக்கு இரும்புக் குறைவே காரணம் என்று எழுதிவிட்டார்கள். சீமெந்துத் தரையை நான் குறை சொல்லவில்லை. மலையகத்து மழையில் மண்தரைக் கொட்டில் சேறாகிக் கால் அழுகலையும் வயிற்றோட்டத்தையும் கொண்டுவரும். ஆனால் தரையை மாற்றியவர் மண் கொடுத்துவந்த இரும்பை வேறு வழியில் கொடுக்கவேண்டும்.

உயிரோடு இருக்கும் குட்டிகளை இன்றே பாருங்கள். ஒவ்வொன்றையும் தூக்கி, காதை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நலமான வெள்ளைக் குட்டியின் காதில் இளஞ்சிவப்பு நிறமும் அதில் ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்களும் தெரியும். சோகை பிடித்த குட்டியின் காது மெழுகுத்தாள் நிறத்தில், இரத்தக் குழாயே இல்லாததுபோல் இருக்கும். கண் இமையின் உட்பக்கத்தையும் பல் முரசையும் பாருங்கள். கறுப்புக் குட்டியாக இருந்தால் இமையையும் முரசையும் மட்டுமே நம்பலாம். கடுமையாக மூச்சு வாங்கும் குட்டியைத் துரத்திப் பிடிக்கவேண்டாம், அந்த ஓட்டத்திலேயே அதன் இதயம் நின்றுபோகக்கூடும். இரத்தம் எடுத்துப் பரிசோதித்தால், ஒரு டெசிலீற்றரில் (100 மில்லிலீற்றரில்) ஈமோகுளோபின் 11 கிராமும் அதற்கு மேலும் இருப்பது நல்ல நிலை. 9 கிராமுக்குக் கீழ் இறங்கினால் அது சோகை.

வழமையான தடுப்பு, பிறந்து மூன்றாம் அல்லது நான்காம் நாளில் 200 மில்லிகிராம் இரும்பு டெக்ஸ்ட்றான் ஊசி. பிறந்த அன்றே போடுவதை நான் விரும்புவதில்லை. அதற்கான காரணம் அடுத்த கேள்வியின் பதிலில் வருகிறது.

கேள்வி: கால்நடை வைத்தியர் சொன்னபடியே மூன்றாம் நாளில் ஒன்பது குட்டிகளுக்கும் இரும்பு ஊசி போட்டோம். அன்று பின்னேரமே சில குட்டிகள் எழ முடியாமல் நடுங்கின. விடியும்போது நான்கு செத்துக்கிடந்தன. மருந்து காலாவதியாகவும் இல்லை, அளவும் கூடவில்லை. அதே போத்தலில் போட்ட என் தம்பியின் குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது எங்கள் ஊரில் எவரும் இந்த ஊசியைப் போட மறுக்கிறார்கள். (வாசகர், வெலிமடை)

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்திய வாக்கியந்தான் விடை. ஒரே போத்தல், ஒரே அளவு, ஒரே வயது. உங்கள் குட்டிகள் செத்தன, தம்பியின் குட்டிகள் பிழைத்தன. அப்படியானால் வேறுபாடு மருந்தில் இல்லை, குட்டிகளில் இருக்கிறது. குட்டிக்கு மூன்று நாள் வயதென்றால், அது தாயிடமிருந்து வந்த வேறுபாடு.

இரும்பு உடலுக்கு இன்றியமையாதது, அதேவேளை கட்டுப்பாடின்றி நின்றால் நஞ்சு. இரத்தத்திலும் கலங்களிலும் இரும்பு எப்போதும் ஏதாவது ஒரு புரதத்தோடு பிணைக்கப்பட்டே இருக்கும். ஊசி மூலம் ஒரேயடியாக 200 மில்லிகிராம், அதாவது பிறவிக் கையிருப்பைப் போல் நான்கு மடங்கு, உள்ளே வரும்போது ஒரு பங்கு பிணைப்பின்றித் திரியும். அந்தத் தனி இரும்பு, கலங்களில் இயல்பாகவே உண்டாகும் ஐதரசன் பெரொக்சைட்டைத் தாக்கி, சுயாதீன மூலிகங்கள் எனப்படும் வெறிபிடித்த துணிக்கைகளைத் தோற்றுவிக்கிறது. அவை கலமென்சவ்வில் உள்ள கொழுப்பைத் தாக்கும். தாக்கப்பட்ட கொழுப்பு மூலக்கூறு பக்கத்து மூலக்கூற்றைத் தாக்கும். யூலை, ஓகஸ்ட் வறட்சியில் ஊவாவின் மலைச்சரிவில் மானாப்புல்லில் பிடித்த தீ எப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுமோ, அப்படி.

அந்தத் தாவலை நிறுத்துவது விற்றமின் ஈ. அது மென்சவ்வின் கொழுப்புக்கு நடுவிலேயே இருந்து, மூலிகத்தின் தாக்குதலைத் தான் ஏற்று, சங்கிலியை அறுக்கிறது. செலனியம் என்ற கனியுப்பு அதற்கு ஒரு படி முன்னால் நின்று வேலை செய்கிறது. குளுட்டதையோன் பெரொக்சிடேஸ் என்னும் நொதியத்தில் செலனியம் ஓர் அங்கம் என்பது 1973 இல் கண்டறியப்பட்டது. அந்த நொதியம் பெரொக்சைட்டுகளை முன்கூட்டியே சிதைத்துவிடுவதால், இரும்புக்குத் தாக்க எதுவும் மிஞ்சாது. இவை இரண்டையும் ஒட்சியேற்ற எதிரிகள் என்று சொல்வது இதனால்தான். இவை இரண்டும் குறைந்த குட்டியில் இரும்பு ஊசி தசைக் கலங்களைக் கூட்டமாக உடைக்கிறது. உடைந்த கலங்களிலிருந்து பொற்றாசியம் இரத்தத்துக்குள் கொட்டுகிறது. பொற்றாசியம் கூடினால் இதயம் தாளம் தவறி நின்றுவிடும். சில மணி நேரத்திலிருந்து அரை நாளுக்குள் எல்லாம் முடிந்துவிடுவது இதனாலேயே. செத்த குட்டியை வெட்டிப் பார்த்திருந்தால், ஊசி போட்ட இடமும் அதை அடுத்த நிணநீர்க் கணுவும் கபில நிறமாகவும், தொடைத் தசை வெளிறியும் இருந்திருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. விற்றமின் ஈ குறைந்த பன்றிக்குட்டியும் சுண்டெலியும் இரும்பைத் தாங்கும் ஆற்றலை இழக்கின்றன என்று லன்னெக், லிண்ட்பெர்க், டொலெர்ஸ் என்ற சுவீடன் ஆய்வாளர்கள் 1962 இலேயே காட்டினார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த ஒன்று இன்னும் நம் கொட்டில்களுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

குட்டிக்கு ஏன் விற்றமின் ஈ குறைந்தது? இந்த விற்றமின் சூல்வித்தகத்தை (நச்சுக்கொடியை) கடந்து கருவுக்குச் செல்வது மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு பன்றிக்குட்டியும் பிறக்கும்போது விற்றமின் ஈ இல்லாத ஏழையாகவே பிறக்கிறது; சீம்பாலைக் குடித்த பின்பே அதன் இரத்தத்தில் அது ஏறுகிறது. செலனியம் கருவிலேயே ஓரளவு போய்ச் சேரும், தாயிடம் இருந்தால். சீம்பால் முழுதாகக் குடிக்க முன்னர், பிறந்த அன்றே இரும்பு ஊசி போடுவதை நான் தவிர்க்கச் சொல்வதன் காரணம் இதுதான். உங்கள் குட்டிகள் மூன்றாம் நாளில் ஊசி பெற்றும் செத்தன என்றால், சீம்பாலிலேயே விற்றமின் ஈ போதவில்லை. அதாவது தாயின் தீவனத்தில் குறை இருக்கிறது.

எனவே தீவன மூட்டையிடம் போவோம். நீங்கள் தனியாக ஒரு தாளில் எழுதியனுப்பிய விபரத்தின்படி, தாய்ப்பன்றி சினையாக இருந்த காலம் முழுவதும் அரிசித் தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, பழைய சோறு ஆகியவற்றையே தின்றிருக்கிறது. தவிட்டை மொத்தமாக வாங்கி இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தீர்கள். தம்பியோ கடைத் தீவனம் வாங்கியிருக்கிறார். புதிதாகத் தீட்டிய தவிட்டில் எண்ணெயும் உண்டு, அந்த எண்ணெயைக் காக்கும் விற்றமின் ஈயும் ஓரளவு உண்டு. ஆனால் அரிசியைத் தீட்டிய கணத்திலிருந்தே தவிட்டில் உள்ள ஒரு நொதியம் எண்ணெயைப் பிரிக்கத் தொடங்குகிறது. பிரிந்த கொழுப்பமிலம் காற்றுப்பட்டுச் சிக்கெடுக்கிறது. மூடுபனியும் ஈரமும் உள்ள ஊரில், தரையோடு ஒட்டி அடுக்கிய சாக்கில், இது இன்னும் விரைவு. இப்படிக் கெட்ட தவிடு இரண்டு வகையில் தீங்கு செய்கிறது: தன்னிடம் இருந்த விற்றமின் ஈயை இழந்துவிடுகிறது, பின்பு பன்றியின் உடலில் இருக்கும் விற்றமின் ஈயையும் செலவழிக்க வைக்கிறது. கையில் ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். நல்ல தவிட்டில் அரிசி ஆலையின் இனிய வாசம் வரும். கெட்டது பழைய எண்ணெய்ச் சட்டியின் காறல் மணம் அடிக்கும். நாக்கு நுனியில் வைத்தால் கசந்து தொண்டையில் கரகரக்கும்.

செலனியத்தின் கதை மண்ணில் இருக்கிறது. மழை அதிகமான மலைநாட்டின் அமிலத்தன்மை கூடிய சிவந்த மண்ணில், அதே இரும்பின் ஒட்சைட்டுகள் செலனியத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால், பயிரின் வேருக்கு அது எளிதில் எட்டுவதில்லை. தாய்க்குக் கனியுப்புக் கலவை எதுவும் தராமல், வளவில் விளைந்ததையும் மிஞ்சியதையும் மட்டுமே கொடுத்தால் செலனியம் குறைவதற்கு இடமுண்டு.

அடுத்த ஈற்றுக்கு என்ன செய்யலாம்? தவிட்டை இரண்டு கிழமைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கி, பலகையின் மேல், சுவரைத் தொடாமல் வையுங்கள். விற்றமின் ஈயும் செலனியமும் சேர்ந்த பன்றிக்கான விற்றமின் – கனியுப்புக் கலவையை, பொதியில் எழுதியுள்ள அளவில், சினைக்காலம் முழுவதிலும் பாலூட்டும் காலத்திலும் கலந்து கொடுங்கள். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிப் பேரவை தாய்ப்பன்றிக்குக் குறித்திருப்பது ஒரு கிலோ தீவனத்துக்கு 44 சர்வதேச அலகு விற்றமின் ஈயும் 0.15 மில்லிகிராம் செலனியமும் ஆகும். கலவை வாங்கும்போது இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதற்கு மேல், நாளும் ஒரு கட்டுப் பச்சை கொடுங்கள். வற்றாளைக் கொடி மிக நல்லது. வெலிமடையில் கோவாவின் வெளி இலைகளுக்குப் பஞ்சமில்லை. உள்ளே உள்ள வெள்ளை இலையை விடப் பச்சை வெளி இலையிலேயே விற்றமின் ஈ அதிகம். ஆனால் மருந்தடித்த ஈரம் காயாத இலையைப் பொறுக்கி வரவேண்டாம், கோவாவை மட்டுமே நாள்தோறும் தின்னக் கொடுத்துக் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியைக் கெடுக்கவும் வேண்டாம்.

இதையெல்லாம் செய்து முடிக்க முன்னரே அடுத்த ஈற்று வந்துவிட்டால், கால்நடை வைத்தியரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். ஈனுவதற்கு முன்னர் தாய்க்கு விற்றமின் ஈ – செலனியம் ஊசி போடுவதா, அல்லது குட்டிகளுக்கு விற்றமின் ஈ கொடுத்து ஒரு நாள் கழித்து இரும்பு போடுவதா என்பதை அவர் தீர்மானிப்பார். இரும்பை ஏழாம் நாள் வரை தள்ளிப்போடவும் இடமுண்டு. முதற் பதிலில் சொன்ன கணக்கின்படி குட்டியின் கையிருப்பு அதுவரை தாக்குப்பிடிக்கும். சந்தேகமுள்ள ஈற்றில் முதலில் இரண்டே குட்டிகளுக்குப் போட்டு ஒரு நாள் பார்ப்பது நல்ல வழக்கம். வாய்வழி இரும்புதானே என்று எண்ணி அதைக் கொடுத்துவிடவும் வேண்டாம். விற்றமின் ஈ இல்லாத குட்டியை அதுவும் கொல்லக்கூடும்.

ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்: ஊசியை நிறுத்தினால் அன்றைக்குச் சாகாத குட்டி மூன்றாம் கிழமையில், பொகவந்தலாவை வாசகியின் குட்டியைப் போல் சாகும்.

கேள்வி: தாய்க்கு முருங்கையிலையும் இரும்புச் சத்து மருந்தும் கொடுத்தால் பால் வழியாகக் குட்டிகளுக்குப் போகாதா? ஊசியே தேவையில்லை அல்லவா? (வாசகி, ஹட்டன்)

பதில்: போகாது. தாய் எவ்வளவு இரும்பு தின்றாலும், ஊசியாகவே போட்டாலும், பாலில் இரும்பின் அளவு பெரிதாக ஏறுவதில்லை. சூல்வித்தகம் வழியாகவும் மேலதிகமாகச் செல்வதில்லை. தாய்க்கு இரும்பு மிகுதியாகக் கொடுத்த சில கொட்டில்களில் குட்டிகள் ஓரளவு தேறியதுண்டு, ஆனால் அது பாலினால் வந்ததல்ல, இரும்பு மிகுந்த தாயின் சாணத்தைக் குட்டிகள் நக்கியதால் வந்தது. அந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். முருங்கையிலையைத் தாய்க்குத் தாராளமாகக் கொடுங்கள். அதன் பயன் விற்றமின்களில் இருக்கிறது.

கேள்வி: என் தகப்பனார் காலத்தில் கொட்டிலுக்குள் சிவப்பு மண் கட்டியைப் போடுவார்கள். ஊசி இல்லாமலே குட்டிகள் வளர்ந்தன. அது இன்றைக்கும் செல்லுமா? (வாசகர், பசறை)

பதில்: செல்லும், சில நிபந்தனைகளோடு. உங்கள் தகப்பனார் செய்தது சரியான வேலை. இரும்பு ஊசி 1950 களில் வரும்வரை மேலை நாடுகளிலும் புல்லோடு வெட்டிய மண்கட்டியையே குட்டிகளுக்குப் போட்டார்கள். குறை என்னவென்றால், எந்தக் குட்டி எவ்வளவு தின்றது என்று எவராலும் சொல்லமுடியாது. நாள் தவறாமல் புது மண் போடவும் வேண்டும்.

மண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். பன்றி ஒருபோதும் நடமாடாத இடமாக இருக்கவேண்டும். குடற்புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மரக்கறிப் பாத்தி மண் கூடவே கூடாது. அதில் கோழி எருவும் பூச்சிமருந்தும் கலந்திருக்கும். களைகொல்லி அடித்த தேயிலை மலையும் அப்படியே. வீடு கட்ட வெட்டிய மண்மேட்டில், மேல்மண்ணை நீக்கி, ஒரு முழம் உள்ளே தோண்டி எடுத்த சிவப்பு மண்ணே நல்லது. இரண்டாம் நாளிலிருந்து, தாய்க்கு எட்டாத மூலையில், நாளுக்கு இரண்டு கை அளவு போட்டு, மிஞ்சியதை மறுநாள் அள்ளிவிடுங்கள். என்னைக் கேட்டால், கால்நடை வைத்தியர் எட்டும் தூரத்தில் இருப்பவர் ஊசியையே போடட்டும். மலைமேல் தோட்டத்தில் இருந்து டவுனுக்குப் போய்வர ஒரு நாள் கூலியை இழக்கவேண்டியவருக்கு மண்கட்டி நல்ல மாற்று.

கேள்வி: பாமசியில் விற்கும் விற்றமின் ஈ குளிசையைத் தாய்ப்பன்றிக்குக் கொடுக்கலாமா? தோடம்பழத்தில் உள்ள விற்றமின் சீயும் ஒட்சியேற்ற எதிரிதானே, அதுவும் உதவுமா? (வாசகர், பண்டாரவளை)

பதில்: குளிசை கொடுப்பதால் தீங்கு இல்லை; விற்றமின் ஈ எளிதில் நஞ்சாவதில்லை. சினைப்பன்றி நாளுக்கு இரண்டரைக் கிலோ தீவனம் தின்னும் என்று கொண்டால், மேலே சொன்ன அளவின்படி அதற்கு நாளுக்கு 110 அலகு போதும். 400 அலகுக் குளிசை ஒன்று மூன்று நாளைக்கு மேல் காணும். ஆனால் அதில் செலனியம் இல்லை. விலையும் பன்றிக்கான கலவையை விடக் கூட. அவசரத்துக்கு ஆகும், வழமைக்கு ஆகாது.

விற்றமின் சீ, வேலை செய்து களைத்த விற்றமின் ஈயைத் திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது என்பது உண்மை. எனினும் மனிதரைப் போலன்றி, பன்றி தன் ஈரலிலேயே விற்றமின் சீயைத் தயாரித்துக்கொள்ளும். தோடம்பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. செலனியத்தைத் தூளாக வாங்கித் தீவனத்தில் கையளவில் கலக்க எவராவது சொன்னால் கேட்கவேண்டாம். அமெரிக்காவில் ஒரு கிலோ பன்றித் தீவனத்தில் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 0.3 மில்லிகிராம். அது 5 மில்லிகிராமைத் தாண்டினால் மயிர் உதிர்ந்து, குளம்பு விளிம்பில் பிளந்து, பன்றி நடக்கமுடியாமல் போகும். இவ்வளவு சிறிய அளவை வாளியும் அகப்பையும் கொண்டு சீராகக் கலக்க எவராலும் முடியாது.

கேள்வி: ஹோட்டல்களில் மிஞ்சிய சாப்பாடு, மீன் தலை, பொரித்த எண்ணெய் ஆகியவற்றையே என் பன்றிகளுக்குக் கொடுக்கிறேன். மூன்று மாதக் குட்டிகள், நன்றாகத் தின்றுகொண்டிருந்தவை, இரண்டு திடீரெனச் செத்தன. இதுவும் விற்றமின் ஈ குறைவா? (வாசகர், நுவரெலியா)

பதில்: இருக்கலாம். ஆனால் அப்படி முடிவு செய்ய முன்னர் அதைவிடப் பெரிய ஒன்றை விலக்கவேண்டும். 2024 இன் பிற்பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதிப்படுத்தப்பட்டது. ஹோட்டல் கழிவில் பன்றி இறைச்சி கலந்திருந்தால் அதன் வழியாகவே அது கொட்டிலுக்குள் வரும். மனிதருக்குத் தொற்றாது, பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும். மற்றப் பன்றிகளில் கடும் காய்ச்சல், தீவன மறுப்பு, காதிலும் வயிற்றிலும் செந்நிறப் படைகள் தெரிந்தால், செத்ததை வெட்டாமல், விற்காமல், உடனடியாக அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். வெட்டிய இரத்தத்தினால் நோய் ஊரெல்லாம் பரவும்.

அது இல்லை என்று வைத்தியர் உறுதி செய்த பின், உங்கள் சந்தேகத்துக்கு வருவோம். வேகமாக வளரும், பால் மறந்த குட்டிகளில் விற்றமின் ஈயும் செலனியமும் குறைந்தால் இதயத் தசையில் இரத்தக்கசிவு உண்டாகி, இதயப் பைக்குள் நீர் கட்டி, முன்னறிகுறியே இல்லாமல் விழுந்து சாகும். ஈரலும் அதேபோல் சிதைவதுண்டு. கருவி இல்லாமல் வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்லமுடியாது, பிரேத பரிசோதனை வேண்டும். கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும் உங்களுக்குத் தொலைவில் இல்லை. வைத்தியர் மூலமாக அனுப்புங்கள்.

உங்கள் தீவனத்தில் மூன்று தவறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. மீன் கொழுப்பு மிக எளிதில் ஒட்சியேறும் வகை. திரும்பத் திரும்பப் பொரித்த எண்ணெய் ஏற்கெனவே ஒட்சியேறியது. பச்சை எதுவும் இல்லாததால் அவற்றைத் தாங்க விற்றமின் ஈயும் இல்லை. மீன் கழிவு அதிகம் தின்ற பன்றியின் கொழுப்பு மஞ்சளாகி மீன் நாற்றம் அடிக்கும், இறைச்சிக் கடைக்காரர் விலையைக் குறைப்பார். பொரித்த எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். மீன் தலையை ஒரு வாளிக்கு ஓரிரு பிடியாகக் குறையுங்கள். மிஞ்சிய சாப்பாட்டை, பன்றி இறைச்சித் துண்டுகளைப் பொறுக்கி நீக்கிய பின், ஒரு மணி நேரமாவது கிளறிக் கிளறிக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கொடுங்கள். கொதித்தால் விற்றமின்கள் குறையும் என்பது சரிதான், அந்தக் குறையைப் பச்சை இலையாலும் கலவையாலும் ஈடு செய்யலாம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடையில் இரண்டு வகை இரும்பு மருந்து இருக்கிறது. ஒன்றில் 1 மில்லிலீற்றர் போடு என்கிறார்கள், மற்றதில் 2 என்கிறார்கள். எங்கே போடுவது, இரண்டாம் முறை தேவையா? (வாசகி, மஸ்கெலியா)

பதில்: ஒன்றில் மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம், மற்றதில் 200 மில்லிகிராம் இருக்கும். குட்டிக்குத் தேவை 200 மில்லிகிராம்; முதலாவதில் 2, இரண்டாவதில் 1. போத்தலை மாற்றும்போது லேபலை வாசிக்காமல் பழைய அளவையே போடுவதுதான் வழமையாக நடக்கும் தவறு.

காதுக்குப் பின்னால் கழுத்துத் தசையில் போடுங்கள், தொடையில் வேண்டாம். தொடையில் நரம்பு காயப்படும், இறைச்சியிலும் கறை நிற்கும். ஒருவர் குட்டியைப் பிடிக்க, மற்றவர் கழுத்துத் தோலைப் பெருவிரலால் ஒரு பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு ஊசியைக் குத்தி, மருந்தை மெதுவாகச் செலுத்தி, ஊசியை எடுத்த பின் தோலை விடவேண்டும். தோல் தன் இடத்துக்குத் திரும்பும்போது துளை மூடிக்கொள்ளும், கபில நிற மருந்து வழிந்து வீணாகாது. அரை அங்குல ஊசி போதும். ஓர் ஈற்றுக்கு ஒரு புது ஊசி. வயிற்றோட்டம் உள்ள குட்டிக்கு அது நின்ற பிறகே போடுங்கள்.

நான்கு கிழமையில் பால் மறக்கடித்தால் பெரும்பாலும் ஒரு முறை போதும். மலையகத்தில் பலர் ஆறு, எட்டுக் கிழமை வரை தாயோடு விடுகிறார்கள். அப்போது இரண்டாம் கிழமையிலிருந்தே குட்டித் தீவனத்தைத் தாழ்வான தட்டில், தாய்க்கு எட்டாமல் வைத்துப் பழக்கினால், மிகுதி இரும்பு அதிலிருந்து வரும். தின்னப் பழகாமல் பாலையே நம்பியிருக்கும் பெரிய குட்டிகளுக்கு மட்டும், காதைப் பார்த்து, மூன்றாம் கிழமையில் இரண்டாவது ஊசி தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.